சபூரா காய்ச்சிய தலைநோன்புக் கஞ்சி

சபூராவுக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டென்றால் அது இரவல். அடுத்த வீட்டில் ஒரு சுண்டு சீனி வாங்க நேர்ந்துவிட்டால், அதை நிரம்பி வழியத் திருப்பிக் கொடுக்கும்வரை அவளுக்குத் தேநீர் இனிக்காது. அவளை வம்புக்கிழுக்க ஐம்பது வீட்டுப் பெண்களுக்கு இது ஒன்றே போதும். "சபூரா ராத்தா கடலுக்குள்ள விழுந்தாலும், கயிறு இரவலெண்டா வேணாமெண்டுருவா" என்பார்கள். அவளும் விடமாட்டாள். "ஓம், நீந்தித்தான் வருவன். நீங்க கரையில நிண்டு கைதட்டுங்க."

எத்தாளைக்கும் குறிஞ்சிப்பிட்டிக்கும் நடுவே, வெங்காயத் தோட்டங்கள் முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது ஐம்பது வீடு. பெயர்தான் அப்படி. வீட்டுத்திட்டம் வந்த நாளில் எண்ணி வைத்த பெயர்; பிறகு பிள்ளைகள் பிறந்து, கல்யாணம் கட்டி, வளவுக்குள் வளவு பிரித்து எத்தனையோ வீடாகிவிட்டது. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டுக் கடல்வழியாக வந்து கற்பிட்டியில் இறங்கியவர்களின் குடியிருப்பு அது. அன்றைக்குச் சபூராவின் இடுப்பில் கைக்குழந்தை றிஷ்னா, தலையில் ஒரு பொதி, முன்னால் நடந்த புருஷன் உசனாரின் கையில் ஒரு அரிக்கன் லாம்பு. வேறொன்றுமில்லை.

வந்தவர்களை ஊர் கைவிடவில்லை. அதைச் சபூரா எந்தச் சபையிலும் சொல்வாள். பெரிய பள்ளிவாசலின் தலைவர் பதியுதீன் ஹாஜியாரின் வாப்பா, தன் தென்னந்தோட்டத்தைத் திறந்துவிட்டு, "கொட்டில் போட்டுக்கொள்ளுங்க, தேங்காய் விழுற இடத்தில மட்டும் படுக்காதீங்க" என்றாராம். தொழுகைக்குப் பாய் வந்தது. பெருநாளைக்கு உடுப்பு வந்தது. நோன்பு முப்பது நாளும் பெரிய பள்ளியின் அண்டாபோன்ற கிடாரத்திலிருந்து கஞ்சி வந்தது. அடுத்த வருஷமும் வந்தது. அதற்கடுத்த வருஷமும் வந்தது. அவர்கள் தராமல் விட்ட நாளே இல்லை. சபூராவின் மனக்குறையும் அதுதான்.

"சண்டை பிடிக்கக்கூட ஒரு காரணம் தரமாட்டேங்கிறாங்க" என்று புருஷனிடம் சொல்லி அலுத்துக்கொள்வாள்.

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் பெரிய பள்ளியின் பின்கதவில் வாளிகள் வரிசையாக நிற்கும். ஊர் வாளி முன்னுக்கு, அகதிக் காம்ப் வாளி பின்னுக்கு. யாரும் சட்டமாகச் சொன்னதில்லை, அப்படியே பழகிவிட்டது. காம்ப் இல்லாமல் போய், கல்வீடு வந்து, பிள்ளைகள் கெம்பஸுக்குப் போகத் தொடங்கிய பிறகும் அந்த வாளியின் பெயர் மட்டும் காம்ப் வாளிதான். ஐம்பது வீட்டுக்கென்று ஒரு சின்னப் பள்ளியும் எழும்பியது. உசனார் அதற்குத் தலைவர். பெயருக்குத் தலைவர்தான், நிர்வாகம் பெரிய பள்ளியிடம். பல்பு எரிந்துபோனாலும் ஊருக்குள் போய்க் கேட்டுவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

சபூராவோ தன் காலில் எழுந்து நின்றவள். எத்தாளைத் தோட்டங்களில் வெங்காயம் நட்டாள், பிடுங்கினாள், தாள் அறுத்தாள். பிறகு குத்தகைக்கு ஒரு துண்டுக் காணி எடுத்துத் தானே வெங்காயம் வைத்தாள். தோட்டக் கூலியாக இருந்த காலத்தில்தான் தலவிலவிலிருந்து வேலைக்கு வந்த யூஜீனியாவுடன் சிநேகிதம் ஏற்பட்டது. ஒருத்தி சிரித்தால் அடுத்த வரம்பில் நிற்பவளுக்கும் சிரிப்பு வரும். யூஜீனியாவும் கூலி வேலையை விட்டுவிட்டு இப்போது பெட்டி பூட்டிய லாண்ட்மாஸ்டர் உழவு யந்திரம் ஓட்டுகிறாள். அவள் வளவில் சர்க்கரைபோலத் தண்ணீர் ஊறும் கிணறு. அந்தத் தண்ணீரைப் பரலில் நிரப்பி, லாண்ட்மாஸ்டரில் ஏற்றி, உவர்க் கிணறு உள்ள ஊர்களுக்கெல்லாம் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் தொழில்.

போர் முடிந்து இரண்டு வருஷமாகியிருந்தது. சிலர் மன்னாருக்குத் திரும்பிப் போனார்கள். சபூராவும் ஒருமுறை போய்ப் பார்த்தாள். வீடிருந்த இடத்தில் காடு. காட்டுக்குள் கிணறு மட்டும் பத்திரமாக இருந்தது. எட்டிப் பார்த்து, "இருக்கிறியா? இரு, வாறன்" என்று அதற்குச் சொல்லிவிட்டு, இங்கே வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சவேண்டும் என்று அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டாள். வந்த கையோடு உசனாரைப் பிடித்துக்கொண்டாள்.

"மச்சான், இந்த வருஷ நோம்புக்குக் கஞ்சி நாங்களே காய்ச்சுவம். ஹாஜியார்ட்டப் போய்ச் சொல்லிட்டு வாங்க."

தோணிக்காரர் உசனார் கடலில் புலி. ஹாஜியாரின் முன்னால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். போனவர் ஒரு மணித்தியாலத்தில் திரும்பி வந்தார்.

"என்ன சொன்னார்?"

"என்ன குறை வெச்சமெண்டு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"குறையொண்டுமில்லையெண்டு சொல்லி, தேத்தண்ணியும் குடிச்சிட்டு வந்துட்டன்."

சபூரா முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு தானே புறப்பட்டாள். ஹாஜியார் தன் கடை வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். கெட்ட மனுஷனில்லை. கொடுத்துப் பழகிய மனுஷன். கொடுக்காமலிருந்தால் கையை எங்கே வைப்பதென்று தெரியாத மனுஷன்.

"தங்கச்சி, நீங்க நாளைக்கே மன்னாருக்குப் போற ஆக்கள். உங்களுக்கு என்னத்துக்குத் தனிக் கஞ்சி, தனி நிர்வாகம்?"

"இருபது வருஷமா நாளைக்குத்தான் போறம் ஹாஜியார். போற வரைக்குமாவது காய்ச்சிக் குடிப்பமே."

ஹாஜியாருக்குச் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. "சரி. முதல் நாள் தலைநோம்புக்குக் காய்ச்சிக் காட்டுங்க. கஞ்சி ஒழுங்கா வந்தா முப்பது நாளும் நீங்களே காய்ச்சுங்க, பள்ளி நிர்வாகத்தையும் நீங்களே பாருங்க. சரிவரல்லையெண்டா வாளியைக் கொண்டு வாங்க. பின்கதவு திறந்துதான் இரிக்கும்."

அந்தப் பின்கதவுதான் அவளைக் குத்தியது. வீட்டுக்கு வரும்வரை, "திறந்தே கிடக்கட்டும், காத்து வரட்டும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே நடந்தாள்.

மறுநாள் தொட்டு ஐம்பது வீட்டில் உலை வைக்கும் பெண்கள் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைத்தார்கள். நோன்பு நெருங்கியபோது மூடை மூடையாகச் சேர்ந்தது. சம்பா ஒரு வீட்டிலிருந்து, சிவப்பு ஒரு வீட்டிலிருந்து, என்ன அரிசி என்று உடைமைக்காரிக்கே தெரியாதது ஒரு வீட்டிலிருந்து. பள்ளி வளவுக்குள் பெண்கள் அடுப்பு மூட்டலாமா என்று ஒரு கதை எழும்பியது. அதையும் சபூராவே முடித்துவைத்தாள். "பள்ளி வளவுக்குள்ள மூட்டல்ல. பக்கத்து வளவு என்ட வளவு. வேலிக்கு அங்கால பள்ளி, இங்கால அடுப்பு. வாசம் மட்டும் வேலி தாண்டும், அதை ஆர் மறிக்கிறது?"

கற்பிட்டியில் கல்யாணச் சாமான் வாடகைக்குக் கொடுக்கும் கடையில் ஒரு கிடாரம்தான் மிச்சமிருந்தது. அந்த வருஷம் நோன்பும் தலவில தேவாலயத்து அன்னம்மாள் திருவிழாவும் ஒன்றாக வந்துவிட்டதால், மற்றவையெல்லாம் யாத்திரைக்காரருக்குச் சோறாக்கப் போய்விட்டன. ஒன்று போதுமென்று சபூரா எடுத்து வந்தாள். நல்ல தண்ணீருக்கு யூஜீனியாவிடம் சொல்லியாகிவிட்டது. இத்தனை தண்ணீருக்கு இவ்வளவு உப்பு என்று அளந்து ஒரு துணியில் முடிந்தும் வைத்தாகிவிட்டது.

தலைநோன்பு நாள். நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்தும் யூஜீனியாவின் லாண்ட்மாஸ்டர் வரவில்லை. திருவிழாக் கூட்டத்தில் தலவில வீதி அடைத்துக் கிடப்பதாகச் செய்தி வந்தது. சோளகக் காற்று வேறு மணலை அள்ளி அடுப்பில் போட்டது. இனிக் காத்திருக்க ஏலாது என்று சபூரா தன் உவர்க் கிணற்றுத் தண்ணீரையே இறைத்து ஊற்றச் சொன்னாள். அரிசி விழுந்தது. உள்ளி, இஞ்சி, வெந்தயம், ரம்பை, இறைச்சி எல்லாம் விழுந்தன. முடிச்சை அவிழ்த்து உப்பையும் போட்டாள். தண்ணீர் மாறியதை அவள் மறக்கவில்லை. உப்பு நல்ல தண்ணீருக்கு அளந்தது என்பதைத்தான் அந்தப் புகைக்குள் மறந்துபோனாள்.

உசனார் துடுப்புப் போட வந்தார். கிடாரத்துக் கஞ்சியைக் கிண்டுகிற நீளக் கட்டைக்கும் துடுப்பென்றுதான் பெயர். அவருக்குப் பழகிய வேலைபோலவே இருந்தது. கிண்டிக்கொண்டே பார்த்தார். உப்பு முடிந்த துணி வெறுமையாகக் கொடியில் காய்ந்தது; அதில்தான் உப்பு இருந்ததென்று அவருக்குத் தெரியாது, அடுப்படியில் உப்புச் சட்டியையும் காணவில்லை. பாவம், இவ்வளவு வேலைக்குள் மனுஷி உப்பை மறந்துவிட்டாள், சொன்னால் சண்டைக்கு வருவாள் என்று எண்ணி, வீட்டுக்குள் போய் இரண்டு கைநிறைய அள்ளி வந்து, யாரும் காணாமல் போட்டுவிட்டார். நல்ல புருஷன்.

அஸர் நேரத்தில் தேங்காய்ப்பாலும் சேர்ந்து கஞ்சி மணத்தது. வேலிக்கு அங்கால் தொழுதுவிட்டு வந்தவர்களின் நடை தானாகவே மெதுவானது. அப்போதுதான் றிஷ்னா கேட்டாள்.

"உம்மா, உப்புச் சரியா?"

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எல்லாருக்கும் நோன்பு.

"நாக்கு நுனியில வெச்சிட்டுத் துப்பலாமாம் உம்மா, மௌலவி சொல்றவர்."

"அவர் சொல்லலாம். எனக்குப் பசிக்கிற பசியில துப்ப வராது மகள்."

நோன்பில்லாத நாக்கு ஒன்று வேண்டும். றிஷ்னாவின் மகன் முபாரிஸுக்கு இன்னும் பள்ளிக்கூடம் போகும் வயதில்லை. அவனைப் பிடித்து அகப்பையை நீட்டினார்கள். அவன் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டான்.

"நான் நோம்பு."

"டேய், உன்ட வாயில பிஸ்கட் தூள் இரிக்கி!"

"அது விடியமுன்ன ஸஹருக்குத் திண்டது."

அடுத்த வீட்டுப் பிள்ளைகளையும் கேட்டார்கள். தலைநோன்பன்று ஐம்பது வீட்டில் நடக்கத் தெரிந்த எல்லாப் பிள்ளைகளும் நோன்பு. ஒன்றும் மசியவில்லை.

அந்த நேரம்தான் லாண்ட்மாஸ்டர் சத்தம் கேட்டது. யூஜீனியா பரல்களோடு வந்து இறங்கினாள். முகமெல்லாம் புழுதி. "அனே சபூரா, கோவிக்காத. நானும் மாதாட சனமும் றோட்டில நிண்டு வெந்துபோனம்."

"கோவமெல்லாம் பிறகு. இஞ்ச வா. வாயைத் திற."

யூஜீனியா ஒரு கரண்டி குடித்தாள். கண்ணை மூடினாள். மூடிய கண் திறக்கவில்லை.

"என்னடி? சொல்லன்!"

"மாதாவே! சபூரா, இது கஞ்சியா, கடலா?"

யாரோ சிரித்தார்கள். சபூரா சிரிக்கவில்லை. "ஒரு முடிச்சுத்தானே போட்டன்" என்றாள். உசனார் துடுப்பைக் கிடாரத்தில் சாத்தி வைத்துவிட்டு மெல்லக் கடற்கரைப் பக்கம் நடக்கத் தொடங்கினார். அந்த நடையைச் சபூராவுக்கு நன்றாகத் தெரியும்.

"மச்சான்! நில்லுங்க. எத்தனை கை போட்டீங்க?"

"ரெண்டு… சின்னக் கை."

"உங்கட கை சின்னக் கையா? திருக்கை மீனைத் தூக்குற கை!"

கிணற்று உப்பு, முடிச்சு உப்பு, புருஷன் உப்பு. மூன்றும் சேர்ந்து கிடாரத்துக்குள் கொதித்தன. இந்தக் கஞ்சி இப்படியே பள்ளிக்குப் போனால் ஐம்பது வீடும் முதல் மிடறிலேயே முகத்தைச் சுளிக்கும். நாளைக்கு அஸருக்கு வாளியோடு பின்கதவில் நிற்க வேண்டும். சபூரா கிடாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"நாளைய அரிசி மூடையை அவிழுங்க. வீட்டுக்கொரு தேங்காய் திரும்பக் கேளுங்க. இந்தக் கஞ்சியை ரெண்டாப் பிரிச்சு, நல்ல தண்ணியும் பாலும் உப்பில்லாத அரிசியும் சேர்ப்பம்."

"பிரிச்சு எதில ஊத்துறது உம்மா? கிடாரம் ஒண்டுதானே?"

"வீட்டு வீட்டுச் சட்டியில ஊத்துவம்" என்றார் தூரத்தில் நின்ற உசனார்.

"ஊத்தினா ஒண்டு உப்பு, ஒண்டு சப்பு. நீங்க பேசாம நில்லுங்க."

இன்னொரு கிடாரம் இருந்த இடம் எல்லாருக்கும் தெரியும். சபூராவின் முகத்தைத்தான் பார்த்தார்கள். கயிறு இரவலென்றால் வேண்டாமென்கிற மனுஷி. அவள் காற்றைப் பார்த்தாள், பொழுதைப் பார்த்தாள், வேலிக்கு அங்கால் பாய் விரித்துக்கொண்டிருந்த ஆட்களைப் பார்த்தாள். சட்டென்று லாண்ட்மாஸ்டர் பெட்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

"யூஜீனியா, எடு. பெரிய பள்ளிக்கு."

"பின்கதவுக்கா?"

"ஓம், பின்கதவுக்குத்தான். கெதியா எடு, மனசு மாறினா இறங்கிருவன்."

பெரிய பள்ளியின் பின்வளவில் ஊர் வாளிகள் வரிசையாக இருந்தன. ஹாஜியார் கிடாரத்தருகே நின்றார். சபூராவைக் கண்டதும் அவருடைய கண் நேரே அவள் கைக்குத்தான் போனது.

"வாளி எங்க தங்கச்சி?"

"வாளி கொண்டு வரல்ல ஹாஜியார். உங்கட மற்றக் கிடாரத்தை இரவல் கேட்டு வந்தன்." அந்தச் சொல் தொண்டையில் முள்போல நின்று, பிறகு வெளியே வந்துவிட்டது. வந்தபிறகு பார்த்தால் அவ்வளவு பெரிய முள்ளில்லை. மிச்சத்தையும் சொன்னாள். "உப்புக் கூடிப்போச்சு. ருசி பார்க்க எங்கட பக்கம் ஒரு நாக்கில்லை. யூஜீனியா வந்துதான் சொன்னா."

ஹாஜியார் தொப்பி நழுவச் சிரித்தார். சிரித்துக்கொண்டே வளவின் மூலையைக் காட்டினார். அங்கே தென்னையடியில் ஒரு மெலிந்த ஆள் குந்தியிருந்து, கோப்பையிலிருந்த கஞ்சியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான்.

"அவன் பஸ்தியான். எங்கட தோணியில வேலை செய்யிறவன். வாப்பாட காலத்தில அவன்ட தகப்பன் வந்து உப்புப் பார்த்தார், இப்ப இவன். இருபது வருஷம் நீங்க குடிச்ச கஞ்சியெல்லாம் இந்தக் குடும்பத்து நாக்கில பாஸான கஞ்சிதான்."

யூஜீனியா லாண்ட்மாஸ்டரிலிருந்தே எட்டிப் பார்த்தாள். "டேய் பஸ்தியான்! நீயா? ஹாஜியார், அவன் என்ட சித்திட மகன்! அனே, எங்கட வம்சமே உங்கட உப்புப் பார்க்கத்தான் பிறந்திரிக்கி போல!"

சபூராவுக்கும் இப்போது சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வந்தது. இருபது வருஷமாக, யார் கையையும் எதிர்பாராத பள்ளி என்று நிமிர்ந்து பார்த்த பெரிய பள்ளி, தென்னையடியில் குந்தியிருக்கும் பஸ்தியான் தலையாட்டினால்தான் வாளியைத் தொடும்!

"கிடாரத்தை எப்ப தருவீங்க?" என்றார் ஹாஜியார், ஏற்றிவிட ஆட்களைக் கைகாட்டிக்கொண்டே.

"வெறுங்கிடாரம் திருப்பிக் குடுக்கிற பழக்கம் எங்களுக்கில்லை ஹாஜியார். நீங்களே வாங்க, நிறைச்சுத் தாறன்."

அதன்பிறகு நடந்ததை ஐம்பது வீடு இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது. தேங்காய் துருவாத கை இல்லை. அடுப்பில் பொச்சு மட்டை அள்ளிப் போடாத பிள்ளை இல்லை. சம்பா கரைந்தது, சிவப்பு முழித்துக்கொண்டு நின்றது, யூஜீனியா இரண்டு கிடாரத்துக்கும் நடுவே கரண்டியோடு ஓடினாள். "இதில இன்னும் கொஞ்சம் பால்… அதில தண்ணி… இல்ல, இல்ல, இதிலதான்… சரி, நிப்பாட்டுங்க! நிப்பாட்டுங்க!" குடித்துக் குடித்து அவளுக்கு வயிறு நிரம்பிவிட்டது. உசனாருக்குத் துடுப்புத் திரும்பக் கிடைத்தது. வீட்டுக்குள் போக மட்டும் அனுமதியில்லை.

பொழுது கடலில் இறங்கும்போது ஹாஜியாரின் வாகனம் வந்து நின்றது. கிடாரத்தை ஏற்றிக்கொண்டு போய்விடத்தான் வந்தார். ஆனால் நோன்பு திறக்கும் பாங்குக்கு நேரம் நெருங்கிவிட்டது. உசனார் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார். இந்தத் தடவை நாக்கு ஒட்டவில்லை. "இண்டைக்கு எங்களோட நோம்பு திறங்க ஹாஜியார்." சின்னப் பள்ளியின் பாயில், உப்புக் கைக்காரரான உசனாருக்கும் பிஸ்கட் நோன்புக்காரனான முபாரிஸுக்கும் நடுவே பெரிய பள்ளியின் தலைவர் உட்கார்ந்தார்.

பாங்கு கேட்டது. வேலிக்கு இந்தப் பக்கம் சபூரா ஈச்சம்பழத்தைக் கடித்து, கோப்பையை வாயில் வைத்தாள். அன்றைக்கு முதன்முதலாகத் தன் கஞ்சியை அவள் ருசி பார்த்தது அப்போதுதான். ஒரு மிடறு. இன்னொரு மிடறு. சிவப்பரிசி பல்லில் தட்டுப்பட்டது. உப்பு… உப்புச் சரிதான். கண் கலங்கியது, அடுப்புப் புகையென்று சொல்லிக்கொண்டாள். வேலிக்கு அங்கால் கொஞ்ச நேரம் கோப்பைச் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு ஹாஜியாரின் குரல். "இன்னொரு கோப்பை தாங்க."

தொழுகை முடிந்து அவர் வேலியோரம் வந்து நின்றார். "தங்கச்சி, கஞ்சி நல்லாயிருந்தது. நிர்வாகத்தைப் பத்திப் பெருநாளைக்குப் பிறகு கதைப்பமா?"

"இப்பவே கதைப்பம் ஹாஜியார், வயிறு நிறைஞ்சிருக்கிற நேரத்தில."

"ம்… அதுவும் சரிதான். நாளையிலயிருந்து நீங்களே பாருங்க. பல்பு மாத்த என்னைக் கேக்க வேணாம். கிடாரமும் பெருநாள் வரைக்கும் இஞ்சயே இரிக்கட்டும்."

"இரவலாத்தானே?"

"இரவலாத்தான்."

"சரி, அப்படியெண்டா வெச்சிக்கொள்றன்" என்றாள் சபூரா. சொன்னவளுக்கே அதிசயமாக இருந்தது. இன்றைக்கு உங்களுக்குரியதை வாளியிலேயே நிறைத்துவிடுகிறேன் என்று ஆட்களை அழைத்தாள். ஹாஜியார் நகரவில்லை. எதையோ சொல்ல வந்து தொண்டையைச் செருமினார்.

"இன்னொரு விஷயம். பஸ்தியான் நாளையிலயிருந்து திருவிழா முடியும்வரைக்கும் மாதாட சொரூபம் தூக்கப் போறானாம். எங்கட கஞ்சிக்கு உப்புப் பார்க்க ஆளில்லை. உங்கட யூஜீனியாவைக் கொஞ்சம் இரவல் தருவீங்களா?"

இப்படியொரு கேள்விக்கு இருபது வருஷம் காத்திருந்த சபூரா அவசரப்படுவாளா? கோப்பையிலிருந்த கடைசி மிடறையும் ஆறுதலாகக் குடித்து முடித்தாள்.

"தரலாம் ஹாஜியார். ஆனா அவவையும் ஒரு வார்த்தை கேக்கணும்."

லாண்ட்மாஸ்டரின் மேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த யூஜீனியா இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கினாள்.

"மாதாவே! ரெண்டு பள்ளி, ஒரு திருவிழா, தண்ணிக்கு நிக்கிற சனம் வேற. என்னட்ட இரிக்கிறது ஒரு நாக்குத்தானே! சரி, சரி, வாறன். எங்க முதல்ல வரணும், அதை மட்டும் நீங்க ரெண்டு பேரும் சண்டை பிடிக்காமச் சொல்லுங்க."